கடை வாசலில் நீட்டப்படும் பெட்டிஷன்: கலிபோர்னியாவின் புதுக் குடிமக்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியுரிமை உறுதிமொழி எடுத்து முடித்து அரங்கத்தை விட்டு வெளியே வந்தால், வாசலிலேயே வாக்காளர் பதிவுப் படிவத்தோடு தன்னார்வலர்கள் நிற்பார்கள். அதை நிரப்பிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2016 நவம்பர் தேர்தலுக்குத் தபாலில் வந்த உறையைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதிபர், செனட்டர் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டார்கள். அப்புறம் மாநிலம் முழுவதற்குமான பிராப்கள், அதாவது மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவுகள், மட்டும் 17. மருந்து விலை, துப்பாக்கித் தோட்டா, மரண தண்டனை, கஞ்சா, பிளாஸ்டிக் பை என்று ஒவ்வொன்றும் ஒரு முழுச் சட்டம்.

சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி, விரலில் மையோடு வீட்டுக்கு வந்து பழகியவர்கள் நாம். ஆளைத் தேர்ந்தெடுப்போம், சட்டம் போடுவது அவர் வேலை. கலிபோர்னியாவில் அந்த வேலையிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. கடை வாசலில் ஒருவர் நீட்டும் பெட்டிஷனில் நீங்கள் போடும் கையெழுத்தில்தான் பல சட்டங்கள் தொடங்குகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் வாக்களிப்பதைவிடப் படிப்பதைப் பற்றியும் கையெழுத்துப் போடுவதைப் பற்றியும்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில், உங்களுக்கு வாக்குரிமை இருக்கிறதா?

அமெரிக்கக் குடியுரிமை, கலிபோர்னியாவில் குடியிருப்பு, தேர்தல் நாளன்று 18 வயது. இந்த மூன்றும் இருந்தால் போதும். பெருங்குற்றத்துக்காக மாநில அல்லது மத்தியச் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள் வாக்களிக்க முடியாது. பரோலில் வெளியே இருப்பவர்கள் வாக்களிக்கலாம். அந்த உரிமை 2020-ல் பிராப் 17 மூலம், வாக்காளர்கள் ஒப்புதலோடு வந்தது.

கிரீன் கார்டு குடியுரிமை ஆகாது. எச்-1பி பற்றிச் சொல்லவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஎம்வி என்ற மோட்டார் வாகனத் துறைக்கு லைசென்ஸ் வேலையாகப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றியும் கேட்பார்கள். அவசரத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால், பின்னால் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், நாடுகடத்தும் நடவடிக்கை வரைக்கும் போகலாம். இன்னும் குடியுரிமை வராத உறவினர், நண்பர்களிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி வாரியத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்க 2016-ல் வாக்காளர்கள் வழிசெய்தார்கள். ஆனால் அதில் பதிவு செய்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பதிவு, பெயர், கையெழுத்து

மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் பத்து நிமிடத்தில் பதிவு முடிந்துவிடும். தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை வழக்கமான பதிவு நடக்கும். அதைத் தவறவிட்டாலும் தேர்தல் நாளன்றே நேரில் போய்ப் பதிந்து வாக்களிக்கலாம். பதிவான எல்லா வாக்காளருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு தானாகவே வரும்.

நம்மவர்களுக்கு இடறும் இடம் பெயர்தான். முன்னெழுத்து, அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் இடம் மாறிப்போன பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமான பெயர்கள் இருக்கும். குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயர், டிஎம்வியில் உள்ள பெயர், வாக்காளர் பதிவில் உள்ள பெயர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். கையெழுத்தும் அப்படித்தான். தபால் உறையின் மேல் நீங்கள் போடும் கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லைசென்ஸில் தமிழில் போட்டிருந்தால் உறையிலும் தமிழிலேயே போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) கடிதம் வரும். அதற்குப் பதில் அனுப்பிச் சரிசெய்தால் வாக்கு எண்ணப்படும், அலட்சியம் செய்தால் எண்ணப்படாது. உறையில் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும், அடுத்த 7 நாளுக்குள் அது போய்ச் சேரவும் வேண்டும். கடைசி நாள்வரை வைத்திருக்காமல் கவுண்டியின் அதிகாரபூர்வப் பெட்டியில் முன்கூட்டியே போட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. என்ன செய்வது?

பிள்ளைகளோடு வந்து குடியுரிமை பெற்ற பெரியவர்களில் பலர் 'எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்' என்று வாக்குச்சீட்டை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம், தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்கைத் தடுத்துவந்த எழுத்தறிவுத் தேர்வு போன்ற தந்திரங்களை ஒழிக்க வந்தது. ஆங்கிலம் தெரியாததைக் காரணம் காட்டி ஒதுக்குவதும் அதே வகைத் தடைதான் என்ற புரிதலில், 1975-ல் 203-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஆங்கிலம் போதாத குடிமக்கள் ஒரு மொழிக் குழுவில் 10,000 பேருக்கு மேலோ, வாக்களிக்கும் வயதினரில் 5 சதவீதத்துக்கு மேலோ இருந்தால், அந்தப் பகுதியில் அந்த மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்பது அதன் சாரம். கலிபோர்னியாவின் சொந்தச் சட்டம் இன்னும் கீழே இறங்கி வந்து, சிறிய மொழிக் குழுக்களுக்கும் பார்த்துக்கொள்வதற்கான மாதிரி வாக்குச்சீட்டை மொழிபெயர்த்து வைக்கச் சொல்கிறது. உங்கள் கவுண்டியில் தமிழ் மாதிரிச் சீட்டு உண்டா என்று தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

தமிழில் சீட்டு இல்லாவிட்டாலும் அதே வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு இருக்கிறது. படிக்க முடியாத வாக்காளர், தான் விரும்பும் ஆளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாக்களிக்கலாம். மகளோ, பேரனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராகவும் இருக்கலாம். வேலை கொடுத்தவரும் அவருடைய ஆளும் தொழிற்சங்கத்தின் ஆளும் மட்டும் கூடாது. துணைக்குப் போகிறவர் படித்துக் காட்டலாம், சொன்னபடி குறியிட்டுத் தரலாம். முடிவு அம்மாவுடையது. 'எதுக்குப் போடணும்னு நீயே சொல்லு' என்று அவர் கேட்டாலும், இரண்டு பக்க வாதத்தையும் தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

பிராப் என்றால் என்ன?

எல்லாவற்றையும் பிராப் என்றே சொன்னாலும் அவற்றில் மூன்று வகை உண்டு. சட்டமன்றமே மக்கள் ஒப்புதலுக்கு அனுப்புவது ஒன்று. மக்களே சட்டம் எழுதி, கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் மக்கள் முன்மொழிவு இன்னொன்று. சட்டமன்றம் ஏற்கெனவே போட்ட சட்டத்தை நிறுத்திவைத்து 'இது வேண்டுமா' என்று மக்களைக் கேட்கும் பொதுவாக்கெடுப்பு மூன்றாவது.

இந்த மூன்றாவது வகையில் பலர் தவறு செய்தார்கள். பெட்டிஷன் எடுத்துவருபவர்கள் சட்டத்தை எதிர்ப்பவர்கள். ஆனால் 2023-ல் விதி மாறும்வரை, வாக்குச்சீட்டில் 'ஆம்' என்றால் அந்தச் சட்டம் இருக்கட்டும் என்று பொருள். 2016-ல் பிளாஸ்டிக் பைத் தடைக்கு இப்படித்தான் ஆனது. தடையை நிறுத்தப் பை தயாரிப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். அதுவே பிராப் 67 ஆக வந்தது. தடை வேண்டும் என்பவர்கள் 'ஆம்' போட வேண்டியிருந்தது. கூடவே, பைக்கு வசூலிக்கும் காசு எங்கே போக வேண்டும் என்று கேட்கும் பிராப் 65-உம் அதே சீட்டில் இருந்தது. 67 ஜெயித்தது, 65 தோற்றது.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் பிடியில் சட்டமன்றம் இருந்தது. அதை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரானவர் ஹைரம் ஜான்சன். 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் இந்த அதிகாரம் மக்கள் கைக்கு வந்தது. அதே நாளில், மிகக் குறைந்த வித்தியாசத்தில், கலிபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது.

ஆனால் மக்கள் கையில் இருப்பதால் மட்டும் ஒரு கருவி நியாயமாகிவிடாது. 1920-ல் இதே வழியில், இதே கலிபோர்னிய வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்த 1913 சட்டத்தை இறுக்கி, குத்தகைக்கு எடுப்பதையும் அடைத்த சட்டம் அது. குறி ஜப்பானியர்கள். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் குடியுரிமை வழக்கில் இந்தியர்களுக்கும் குடியுரிமைத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளும் அந்தச் சட்டத்துக்குள் சிக்கினார்கள். 1946-ல்தான் இந்தியர்கள் குடியுரிமை பெற வழி திறந்தது. நிலச் சட்டம் செல்லாது என்று 1952-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டாலும், மக்கள் போட்ட சட்டத்தை ஏட்டிலிருந்து நீக்க மக்களிடமே போக வேண்டியிருந்தது. 1956 நவம்பர் தேர்தலில் மக்கள் அதை நீக்கினார்கள். அதே தேர்தலில், அதே பள்ளத்தாக்கிலிருந்து தலீப் சிங் சவுந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆசிய வம்சாவளியினரில் முழு உறுப்பினராக அங்கே போன முதல் ஆள் அவர். உறையைப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும்.

கையேட்டை எப்படிப் படிப்பது

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் மாநிலத்திலிருந்து வாக்காளர் தகவல் கையேடு வரும். 2016-ல் வந்தது ஒரு நாவல் கனம் இருந்தது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை படிக்க முயன்றால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நான் படிக்கும் வரிசை இது.

முதலில் சட்டமன்றப் பகுப்பாய்வாளரின் விளக்கம். கட்சி சாராத அலுவலகம் அது. இப்போது சட்டம் எப்படி இருக்கிறது, என்ன மாறும், எவ்வளவு செலவாகும் என்று நேராக எழுதுவார்கள். அடுத்து, ஆதரிப்பவர்கள் எதிர்ப்பவர்களின் வாதங்களுக்குக் கீழே யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாதத்தைவிட அந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். பிறகு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மாநில இணையதளத்தில் பாருங்கள். 2020-ல், ஓட்டுநர்களை ஊழியர்களாக அல்லாமல் ஒப்பந்தக்காரர்களாக வைத்துக்கொள்ள வழிசெய்த பிராப் 22-க்காக, செயலி வழி வாடகை வண்டி கம்பெனிகளும் உணவு டெலிவரி கம்பெனிகளும் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. கடைசியாகச் சட்ட வாசகம். அடித்துவிட்ட எழுத்துகள் நீக்கப்படுபவை, சாய்வெழுத்தில் இருப்பவை புதிதாகச் சேர்பவை. அங்கே 'இந்தச் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்தலாமா' என்ற வரியைத் தேடுங்கள். மக்கள் முன்மொழிந்து நிறைவேறிய சட்டத்தை, அதிலேயே அனுமதி இல்லாவிட்டால், மக்களிடம் திரும்பப் போகாமல் சட்டமன்றம் தொட முடியாது. தப்பாக எழுதிய சட்டம் பல காலம் அப்படியே நிற்கும்.

வீடு வாங்கியவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டும் சொத்து வரி உங்களுடையதில் கால்வாசிகூட இல்லாமல் இருப்பது 1978-ன் பிராப் 13-ஆல். வாங்கிய விலையை வைத்து வரி, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறக் கூடாது. அது இன்றும் அப்படியேதான்.

எல்லாப் பிராப்புக்கும் வாக்களித்தாக வேண்டும் என்றில்லை. புரியாததை வெற்றாக விடலாம், மற்ற வாக்குகள் செல்லும்.

கடை வாசலில்

சரி, இப்போது பெட்டிஷனுக்கு வருவோம். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகிறீர்கள். மடக்கு மேசை, நாலைந்து பெட்டிஷன் அட்டைகள், 'பள்ளிகளுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்று ஒருவர். கையில் பையோடும் குழந்தையோடும் நிற்கும்போது 'ஒரு கையெழுத்துதானே' என்று தோன்றும். நானும் அப்படி ஒன்றில் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது, அவர் சொன்னதற்கும் அந்த வாசகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து நின்று படிக்காமல் போடுவதில்லை.

உங்களுக்கு உள்ள உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 'நீங்கள் சம்பளத்துக்குச் செய்கிறீர்களா, தன்னார்வலரா' என்று கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு என்று பெட்டிஷனிலேயே அச்சடித்திருக்கும். சம்பளத்துக்குச் செய்வது தவறில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் வர வேண்டும். பெரிய தொகை கொடுத்தவர்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். தலைமை வழக்கறிஞர் எழுதிய தலைப்பும் சுருக்கமும் பெட்டிஷனில் இருக்கும். 100 வார்த்தைக்கு மேல் போகாது, இரண்டு நிமிட வேலை. படிக்க விடாமல் தடுப்பதும், உள்ளே இருப்பதை வேண்டுமென்றே திரித்துச் சொல்வதும் குற்றம். கையெழுத்துக்குக் காசு கொடுப்பதும் குற்றம்.

நம் பக்கமும் சில விதிகள் உண்டு. பதிவான வாக்காளர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். பெயர், வீட்டு முகவரி இரண்டையும் உங்கள் கையாலேயே எழுத வேண்டும். பதிவில் உள்ள முகவரியையே எழுதுங்கள், வீடு மாறியிருந்தால் முதலில் பதிவை மாற்றுங்கள். ஒரு பெட்டிஷனில் ஒரு தடவைதான். 'வீட்டுக்காரிக்கும் சேர்த்து நானே போட்டுடறேன்' என்று பாசத்தில் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சட்டப்படி குற்றம். போட்ட பிறகு மனம் மாறினால், பெட்டிஷன் சமர்ப்பிக்கப்படும் நாளுக்கு முன் பெயர், முகவரி, கையெழுத்தோடு கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்று. வாக்குச்சீட்டைப் பிற மொழிகளில் தரச் சொல்லும் 203-ஆம் பிரிவு பெட்டிஷனுக்குப் பொருந்தாது. சான்டா அனா பள்ளி வாரிய உறுப்பினர் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் பெட்டிஷன் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது தொடர்பான வழக்கில், 2006-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. பெட்டிஷனைத் தயாரிப்பவர்கள் தனி மனிதர்கள், அரசு அல்ல என்பது காரணம். ஆகவே ஆங்கிலம் படிக்காத அப்பா அம்மாவிடம், தெருவில் யார் கேட்டாலும் போடாமல், படத்தை போனில் எடுத்து வரச் சொல்லுங்கள். வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

நீங்களே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டுமானால்

மாநில அளவில் வழி நீளம். சட்ட வாசகத்தை எழுதி, 2,000 டாலர் கட்டி, தலைமை வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். தேர்தலுக்குத் தகுதி பெற்றால் பணம் திரும்ப வரும். 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நிதி மதிப்பீடும் தலைப்பும் தயாரான பின் 180 நாள் கையெழுத்து வேட்டை. சாதாரணச் சட்டம் என்றால் கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீதம், அரசமைப்புத் திருத்தம் என்றால் 8 சதவீதம். 2022 தேர்தலை வைத்துப் போட்ட கணக்குப்படி முறையே 5,46,651-உம் 8,74,641-உம். செல்லாத கையெழுத்துகள் நிறைய வரும் என்பதால் பல லட்சம் கூடுதலாகவே திரட்டுவார்கள். கவுண்டிகள் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கும். செல்லும் கையெழுத்துகளின் கணிப்பு தேவையான எண்ணிக்கையில் 110 சதவீதத்தைத் தாண்டினால் தேறிவிடும், 95-க்குக் கீழே போனால் முடிந்தது, இடையில் இருந்தால் முழுவதையும் எண்ணுவார்கள். இவையெல்லாம் நவம்பர் பொதுத் தேர்தலுக்கு 131 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். பெரும் பணமோ பெரும் அமைப்போ இல்லாமல் இது எளிதில் ஆகாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருந்தாலும் முடியாதது அல்ல. மிச்சிகனில் 2016 நவம்பரில் கேட்டி ஃபாஹே என்ற இளம்பெண் போட்ட ஒரு ஃபேஸ்புக் பதிவிலிருந்து தொடங்கி, தன்னார்வலர்களே 4 லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டினார்கள். தொகுதி எல்லைகளை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுக்கும் திருத்தம் 2018-ல் நிறைவேறியது.

வாசகம் எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் எதிரியின் கண்ணால் படியுங்கள். அதே 2018-ல் ஃபுளோரிடாவில், தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் நான்காம் திருத்தத்துக்கு 64 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் மீட் தாமே தண்டனை அனுபவித்து வந்தவர். திருத்தத்தில் 'தண்டனையின் எல்லா நிபந்தனைகளும் முடிந்ததும்' என்று இருந்தது. அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் அந்த 'எல்லா'வில் அடங்கும் என்று மறுவருடமே சட்டமன்றம் சட்டம் போட்டது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. பணம் கட்ட முடியாத ஏழைகள் பலர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கலிபோர்னியாவில் 25 வாக்காளர்கள் சேர்ந்து கேட்டால், தேறும் வாய்ப்புள்ள முன்மொழிவுக்கு வாசகம் எழுதச் சட்டமன்றத்தின் சட்ட ஆலோசகர் அலுவலகம் உதவும். அதைப் பயன்படுத்துங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஊர் அளவில் தொடங்குங்கள் என்பதுதான். பூங்கா, நூலக நேரம், வாடகை, சைக்கிள் பாதை என்று நகரச் சட்டத்தில் மாற வேண்டியவை நிறைய இருக்கும். முதலில் நகர எழுத்தரைப் போய்ப் பாருங்கள். சில நகரங்கள் தனிச் சாசனம் வைத்திருக்கும், விதி மாறலாம். வழக்கமாக நோட்டீஸும் வாசகமும் கொடுத்து, 200 டாலருக்கு மேற்படாத கட்டணம் கட்டினால், 15 நாளில் நகர வழக்கறிஞர் தலைப்பும் சுருக்கமும் தருவார். அதன்பின் 180 நாளில் நகரின் பதிவான வாக்காளர்களில் 10 சதவீதத்தினரின் கையெழுத்து வேண்டும். திரட்டுபவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும், வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே இன்னும் குடியுரிமை வராத நண்பரும் தன்னார்வலராக உங்களோடு மேசையில் நிற்கலாம், கையெழுத்துப் போடத்தான் முடியாது.

எண்ணிக்கை தேறினால் விஷயம் நகர மன்றத்துக்குப் போகும். மன்றம் வாசகத்தை மாற்றாமல் அப்படியே சட்டமாக ஏற்கலாம், தேர்தலுக்கு அனுப்பலாம், அல்லது முதலில் 30 நாளுக்குள் ஓர் ஆய்வறிக்கை கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் பெட்டிஷனில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேச விரும்புகிறவர்கள் எப்படிப் பெயர் கொடுப்பது என்று எழுத்தர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், வீட்டிலேயே எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டு போங்கள்.